சாப்பாட்டு மேஜைக் கம்பெனி

செருப்பு ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒரு மனிதர் உலகத்துக்கு ஒரு புது விளையாட்டைக் கொடுத்தார் என்று சொன்னால் நம்புவது கொஞ்சம் சிரமம். ஆனால் வாஸ்தவம் அதுதான். அவர் பெயர் கேரி கைகாக்ஸ். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில், லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரை ஊரில் குடியிருந்தார். செருப்பு அவருக்குப் பரம்பரைத் தொழில் அல்ல. அதற்கு முன்னால் சிகாகோவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கௌரவமான உத்தியோகத்தில் இருந்தவர். எந்த ஆபத்துக்கு எவ்வளவு பிரீமியம் கேட்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. 1970 இல் அந்த வேலை போயிற்று. வீட்டில் மனைவி, ஐந்து குழந்தைகள். வீட்டுக்கு அடியிலிருந்த நிலவறையில் செருப்புத் தைக்கும் சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். செருப்பு வேலை இல்லாத நேரங்களில் (இருக்கிற நேரங்களிலும்தான் என்று எனக்குச் சந்தேகம்) யுத்த விளையாட்டுகளுக்கு விதிகள் எழுதிக்கொண்டிருந்தார்.

யுத்த விளையாட்டு என்றால் ஏதோ பையன்கள் மரக்கத்தி சுழற்றுகிற சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய மனிதர்கள், உத்தியோகஸ்தர்கள், மேஜைமேல் மணலைக் கொட்டி, சிறு சிறு ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்தி, அடிக்கோலால் தூரம் அளந்து, நெப்போலியன் தோற்ற சண்டையை நாம் ஜெயிக்க முடியுமா என்று ராத்திரி முழுதும் பார்க்கிற விளையாட்டு அது. அந்தப் பைத்தியம் பிடித்தவர்களை ஒன்றுகூட்ட 1968 இல் கைகாக்ஸ் அந்த ஊர்த் தோட்டக்கலைச் சங்கத்தின் ஹாலை 50 டாலர் வாடகைக்கு எடுத்தார். நுழைவுச் சீட்டு ஒரு டாலர். ‘ஜென் கான்’ என்ற பெயரில் அந்தக் கூட்டம் பிறகு வருஷா வருஷம் நடந்து பெரிய திருவிழாவாகிவிட்டது. அன்று அந்த 50 டாலரை அவர் மனைவி என்ன சொல்லிக் கொடுத்திருப்பாள் என்பதைச் சரித்திரம் எழுதிவைக்கவில்லை. குடும்பஸ்தர்களுக்கு எழுதிவைக்கத் தேவையும் இல்லை.

அவர் கொண்டுவந்த விளையாட்டின் பெயர் ‘டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அவருடைய சிறு பெண் ஒருத்தி கேட்டவுடனே பிடித்துச் சொன்ன பெயர் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயித்தவன் தோற்றவன்கூடக் கிடையாது. பிறகு என்னதான் இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நம் ஊர் வழக்கத்தில் சொல்லிப் பார்க்கிறேன். காலட்சேபம் நடக்கிறது. பாகவதர், “அதோ, பொன்மான் ஒன்று துள்ளி ஓடுகிறது” என்று சொல்லி நிறுத்துகிறார். கதை அதோடு அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. எதிரே ஜமக்காளத்தில் ராமனாக உட்கார்ந்திருக்கிறவர் யோசித்து, “நான் போகப்போவதில்லை, எனக்கு அந்த மானின்மேல் சந்தேகம்” என்கிறார். சீதையாக இருக்கிறவர், “எனக்கு வேண்டும்” என்கிறார். லக்ஷ்மணன் ஒளிந்திருந்து பார்க்கிறேன் என்கிறான். ஒளிந்தது பலித்ததா என்று தெரிந்துகொள்ளத் தாயக்கட்டையை உருட்டுகிறார்கள். விழுந்த எண்ணைப் பார்த்துப் பாகவதர் மேலே சொல்ல வேண்டும். விடிய விடிய இப்படிப் போகும்.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைக் கேட்டவுடன் ஒருவிதப் பொறாமையும் ஒருவிதப் பயமும் உண்டாயிற்று. என் கதாபாத்திரங்கள் ஒவ்வொருவராக எழுந்து, “நான் அந்த ரயிலில் ஏற மாட்டேன்” என்று ஆரம்பித்தால் நான் எத்தனை அத்தியாயம் தாங்குவேன்!

இவ்வளவு தூரம் இதைப் படிக்கும்படி எனக்கு நேர்ந்ததற்குக் காரணம் என் தங்கை பிள்ளை. அவனும் அவனுடைய சிநேகிதனும் சேர்ந்து மேஜை விளையாட்டுப் பிரசுரிக்கும் கம்பெனி ஒன்று ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார்கள். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு லட்சம் முதல். என் மருமானின் இரண்டு லட்சத்தில் ஒரு லட்சம் நான் கொடுப்பதாக அவன் மனசுக்குள் ஏற்கனவே தீர்மானமாகியிருந்தது. என்னிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அவர்களுடைய விளையாட்டு எனக்குப் பிடித்துவிட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோயம்பேடு மார்க்கெட்டில் மொத்த வியாபாரம். நான்கு பேர் நான்கு மண்டிக்காரர்கள். ராத்திரி லாரி வரும். தக்காளியா, முருங்கைக்காயா, கத்தரிக்காயா என்று கார்டை எடுத்தால்தான் தெரியும். வெயில் ஏற ஏற விலை இறங்கும். தக்காளி மத்தியானத்துக்கு மேல் அழுகிவிடும். உருளைக்கிழங்குக்காரன் மட்டும் நிம்மதியாக இருப்பான். ஆனால் லாபம் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆடினேன். என்னிடம் தக்காளி மிஞ்சிவிட்டது. என் தங்கை உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு மெதுவாக ஜெயித்துவிட்டாள்.

விளையாட்டு நன்றாக இருப்பது வேறு. அது விலைபோவது வேறு. என்னைப் போன்ற எழுத்தாளன் இதைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தகுதியுள்ளவன். புத்தகப் பிரசுரமும் இதுவும் சகோதரத் தொழில்கள். நாவல் பதினாறு பக்கம் கொண்ட ஃபாரங்களாக ஓடுகிறது. கடைசி ஃபாரத்தில் மூன்று பக்கம் வழிந்தால், அந்த மூன்று பக்கத்தையும் எங்கேயாவது வெட்டு என்று பிரசுரகர்த்தர் சொல்லுவார். கதாநாயகியின் துயரத்தில் மூன்று பக்கம் போய்விடும். இவர்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. கோயம்பேட்டு விளையாட்டில் 58 கார்டு. அச்சகத்துக்காரர், தம்முடைய ஷீட்டில் 54 கார்டுதான் பிடிக்கும், 58 என்றால் இன்னொரு ஷீட் ஓட்ட வேண்டும், செலவு ஏறக்குறைய இரட்டிப்பு என்று சொல்லிவிட்டார். நாலு கார்டு போக வேண்டியதாயிற்று. மழைக் கார்டு இரண்டும், லாரி ஸ்டிரைக் இரண்டும் போயின. விளையாட்டு முன்னைவிடச் சுருக்காக நடக்கிறது என்று என் மருமான் ஒப்புக்கொண்டான். ஷீட்டின் அளவே சில சமயம் நல்ல எடிட்டராகிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 500 பிரதி. சிவகாசியில் கார்டு, பெட்டி, அட்டை எல்லாம் சேர்த்துப் பிரதி ஒன்றுக்கு 340 ரூபாய், மொத்தம் 1,70,000. விலை 900 என்று வைத்தார்கள். கடைக்காரர் பாதி விலைக்குத்தான் எடுப்பார். ஐந்நூறும் கடைகளிலேயே விற்றுத் தீர்ந்தாலும் கைக்கு வருவது 2,25,000. அச்சுச் செலவு போக மிச்சம் 55,000. படம் போட்ட பெண்ணுக்குப் பேசியிருப்பது 60,000. ஆகவே எல்லாப் பிரதியும் விற்றுப்போனால் நஷ்டம் ஐயாயிரம்தான் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். தெரியாமல் சிரிக்கவில்லை, இந்தத் தொழிலின் சூத்திரமெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தயாரிக்க ஒரு ரூபாய் ஆனால் ஐந்து ரூபாய் விலை வைக்க வேண்டும். நடுவில் மொத்த விநியோகஸ்தர் ஒருவர் வந்துவிட்டால் அவர் நூற்றுக்கு 40 தான் தருவார் என்பது அமெரிக்காவில் நெடுநாளாக வழங்குகிற கணக்கு. அந்தக் கணக்குப்படி கோயம்பேட்டின் விலை 1,700 ஆக வேண்டும். 1,700 கொடுத்து யார் தக்காளி விற்பார்கள்? இரண்டாயிரம் பிரதி போட்டால் அடக்கவிலை பாதியாகக் குறையும். ஆனால் இரண்டாயிரம் பெட்டியை எங்கே அடுக்குவது? என் முதல் நாவலின் பிரதிகள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நாலு வருஷம் இருந்தன. புத்தகமாவது தட்டையாக இருக்கும். விளையாட்டுப் பெட்டியில் பாதி காற்று. காற்றுக்கும் சேர்த்துத்தான் லாரி வாடகை.

லேக் ஜெனீவாவில் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் சிறியதாக இருந்தது. கைகாக்ஸுக்குச் சிறுவயதிலிருந்து சிநேகிதன் டான் கே. இரண்டு பேரும் ஆளுக்குச் சுமார் ஆயிரம் டாலர் போட்டு 1973 அக்டோபரில் ‘டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ்’, சுருக்கமாக டி.எஸ்.ஆர்., என்று பங்குக் கம்பெனி ஆரம்பித்தார்கள். டான் கே தம்முடைய ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸியின்மேல் கடன் வாங்கித்தான் ஆயிரத்தைக் கொண்டுவந்தார். முதலில் ஆங்கிலேய உள்நாட்டு யுத்தத்தைப் பற்றிய ஒரு விதிப் புத்தகத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் வந்த பணம் பெரிய விளையாட்டை அச்சுப்போடப் போதவில்லை. அப்போது பிரையன் ப்ளூம் என்ற இளைஞர் 2,000 டாலரோடு வந்தார். மூன்று பேரும் சம பங்குதாரர்கள் ஆனார்கள். டான் கே தலைவர், ப்ளூம் உபதலைவர், கைகாக்ஸ் ஆசிரியர். மூன்று பேர் இருக்கிற கம்பெனியில் மூன்று பேருக்கும் பதவி இருந்தது.

விளையாட்டை உண்டாக்கியவர்களில் நாலாவது ஆள் ஒருவர் உண்டு. மின்னஸோட்டாக்காரரான டேவ் ஆர்னெஸன். நிலவறைக்குள் ஆளை இறக்கி, ‘இப்போது என்ன செய்கிறாய்?’ என்று கேட்கிற அந்த ரகசியமே அவரிடமிருந்து வந்ததுதான். போட அவரிடம் பணம் இல்லை. ஆகவே பங்குதாரர் ஆகவில்லை. ராயல்டி மட்டும் பேச்சு. 1979 இல் ராயல்டிக்காகக் கம்பெனிமேல் வழக்குத் தொடுத்தார். 1981 இல் சமரசமாயிற்று. எழுதுகிறவனுக்கும் அச்சுப்போடுகிறவனுக்கும் ஏற்படுகிற இந்தச் சம்பிரதாயமான சண்டையில் என் அனுதாபம் எந்தப் பக்கம் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1974 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. ஆயிரம் பிரதி. மரப்பட்டை மாதிரி காகிதம் ஒட்டிய பெட்டி. உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள். விலை 10 டாலர். அப்போது அது ஜாஸ்தி விலை. பெட்டிமேல் பெயர்ச்சீட்டைக் கையால் ஒட்டி, புத்தகங்களை உள்ளே வைத்து மூடியதெல்லாம் வீட்டு மனிதர்கள்தான். டான் கேயின் வீட்டுச் சாப்பாட்டு அறைதான் கம்பெனியின் தலைமைக் காரியாலயம். இருபது முகம் கொண்ட விசித்திரமான தாயக்கட்டை அந்த விளையாட்டுக்கு வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குக் கணித உபகரணம் விற்கிற கலிபோர்னியாக் கம்பெனி ஒன்றிலிருந்து வாங்கி விற்றார்கள். மெத்தென்ற பிளாஸ்டிக், ஆட ஆட முனைகள் மழுங்கி, கட்டை நிற்காமல் உருண்டுகொண்டே போகும்.

பத்துப் பதினோரு மாதத்தில் ஆயிரமும் தீர்ந்தது. இரண்டாவது ஆயிரம் 1975 ஜனவரியில் வெளியாயிற்று. அதே மாதம் 31 ஆம் தேதி டான் கே மாரடைப்பில் இறந்துபோனார். வயது 36. இருதயத்தில் கோளாறு இருந்தது அவருக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு நாள்கூடக் குறித்திருந்தது. கூட்டாளிகளிடம் சொல்லவில்லை.

பங்குதாரர் இறந்தால் அவர் பங்கு என்ன ஆகும் என்று மூன்று பேரும் எழுதிவைக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு மனைவிக்குப் போயிற்று. மூன்று பேரில் ஒருவர் இன்ஷூரன்ஸில் ஆபத்தை அளந்து சம்பளம் வாங்கியவர்; இன்னொருவர் ஆயுள் பாலிஸியை அடகு வைத்து முதல் போட்டவர். சாவு என்ற விஷயம் அந்தக் கம்பெனியின் அஸ்திவாரத்திலேயே இருந்தது. காகிதத்தில் மட்டும் இல்லை.

அந்த அம்மாள் கம்பெனியின் சாமான்களையெல்லாம் கொண்டுவந்து தம் வீட்டு முன்தாழ்வாரத்தில் போட்டுவிட்டுப் போனதாகக் கைகாக்ஸ் பிற்காலத்தில் குறைபட்டுக்கொண்டார். அவளைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு வியாபாரம் நடத்தவே முடியாது என்றும் சொன்னார். இந்தச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அனேகமாக அந்தப் பேச்சை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவள் நிலையில் யோசித்துப் பாருங்கள். வாலிப வயசில் புருஷன் போய்விட்டான். பொழுது விடிந்து சாப்பாட்டு அறைக்குப் போனால் மேஜை நிறையப் பூதங்களும் பிசாசுகளும் அச்சிட்ட காகிதம், சுவரோரம் பெட்டி. எவனோ ஊர் பேர் தெரியாதவன் பத்து டாலர் மணியார்டர் அனுப்பி, என் விளையாட்டு இன்னும் வரவில்லையே என்று கடிதம் எழுதியிருக்கிறான். அவனுக்கு அவள் என்ன பதில் எழுதுவாள்? மேஜையைக் காலி செய்து மறுபடியும் சாப்பாட்டு மேஜையாக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில் என்ன தப்பு?

ஆனால் பலன் பலன்தான். 1975 ஜூலையில் கைகாக்ஸும் ப்ளூமும் ‘டி.எஸ்.ஆர். ஹாபீஸ்’ என்று புதுக் கம்பெனி பதிவு செய்தார்கள். கைகாக்ஸுக்கு 150 பங்கு, ப்ளூமுக்கு 100. விளையாட்டின் உரிமையோ பழைய கூட்டுக் கம்பெனியிடம். அதில் மூன்றில் ஒன்று விதவையிடம். அதை வாங்க இரண்டு பேரிடமும் பணமில்லை. ப்ளூமின் தகப்பனார் வாங்கினார். அது புதுக் கம்பெனியில் 200 பங்காக மாறிற்று. மகன் மேலும் 140 பங்கு வாங்கினார். கூட்டிப் பாருங்கள்: அப்பாவும் பிள்ளையும் 440, விளையாட்டை எழுதியவர் 150. தாம் ஆரம்பித்த கம்பெனியில் அவர் சம்பளக்காரர் மாதிரி ஆனார். கம்பெனி பிரமாதமாக வளர்ந்தது, கோடிக் கணக்கில் விற்றது, கடனிலும் விழுந்தது. 1985 இல் அவர் ஒரு தடவை பெரும்பான்மையை மீட்டார். அதே வருஷம் அக்டோபரில் ப்ளூம் சகோதரர்கள் தங்கள் பங்குகளை வேறொருவருக்கு விற்க, கைகாக்ஸ் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். 1986 முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதாமல் விட்ட ஒரு பாராவின் விலை அது.

கம்பெனியின் மிச்சக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1996 இல் புத்தகக் கடைகளிலிருந்து விற்காத பிரதிகள் ஏராளமாகத் திரும்பி வந்தன. அச்சுக்குப் பணம் கொடுக்க முடியவில்லை. 1997 இல் ‘விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ அதை வாங்கிக்கொண்டது. அதுவும் 1990 இல் ஒருவருடைய வீட்டு நிலவறையில் ஆரம்பித்த கம்பெனிதான். 1993 இல் வெளியிட்ட ஒரு கார்டு விளையாட்டில் கொழுத்துவிட்டது. அதை 1999 இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. மீன் கதைதான். கைகாக்ஸ் 2008 இல் காலமானார். ஆர்னெஸன் அடுத்த வருஷம்.

லண்டனிலும் இப்படி ஒரு சிநேகிதக் கம்பெனி இருந்தது. 1975 இல் மூன்று நண்பர்கள் ஒரே ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, மரத்தில் விளையாட்டுப் பலகை செய்து விற்க ஆரம்பித்தார்கள். ‘கேம்ஸ் ஒர்க்ஷாப்’ என்று பெயர். அவர்கள் நடத்திய சின்னஞ்சிறு பத்திரிகையின் பிரதி ஒன்று லேக் ஜெனீவாவுக்குப் போக, கைகாக்ஸ் பதிலுக்குத் தம்முடைய விளையாட்டை அனுப்பிவைத்தார். அவர்கள் ஆறு பிரதிக்கு ஆர்டர் போட்டார்கள். அவ்வளவுதான் கையில் பணம். ஆறு பிரதி வாங்கியவர்களுக்கு ஐரோப்பா முழுவதற்கும் ஏகபோக விற்பனை உரிமை மூன்று வருஷத்துக்குக் கிடைத்தது! பெரிய கம்பெனிகள் கேட்டால் மயக்கம் போட்டுவிழும். மூவரில் பலகை செய்கிற ஜான் பீக்குக்கு இந்தப் பூதக் கதை ரசிக்கவில்லை; சண்டை போடாமல் விலகிக்கொண்டார். மற்ற இருவரான இயன் லிவிங்ஸ்டனும் ஸ்டீவ் ஜாக்ஸனும் வீட்டு வாடகை, ஆபீஸ் வாடகை இரண்டும் கொடுக்க முடியாமல், ஆபீஸுக்கு வெளியே நிறுத்திய வேனில் மூன்று மாதம் படுத்து எழுந்தார்கள். குளிப்பதற்காக ஸ்குவாஷ் கிளப்பில் அங்கத்தினர் ஆனார்கள். வேறு வழியில்லாமல் ஸ்குவாஷும் ஆடியிருப்பார்கள்.

இதில் எந்தக் கதையைச் சொன்னாலும் என் மருமானுக்கு முகம் மலர்ந்தது. வேன் கதை அவனுக்கு ரொம்பப் பிடித்தது. அவன் அதற்கும் மேலே சொன்னான்: இப்போதெல்லாம் முன்கூட்டியே ஜனங்களிடம் பணம் வசூலித்துவிட்டு அச்சுப்போடலாம், 2009 இல் ‘கிக்ஸ்டார்ட்டர்’ வந்த பிறகு இந்தத் தொழிலே மாறிவிட்டது என்று. மாறியதும் வாஸ்தவம், மாறியதில் புது ஆபத்து வந்ததும் வாஸ்தவம். பணத்தை முன்பே வாங்கிக்கொண்டவன் விலை ஏறினால் யாரிடம் போய்க் கேட்பான்? 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம் சீனச் சரக்குக்கு 145 சதவிகிதம் வரை சுங்கம் போட்டது. மே மாதத்தில் பெருமளவு குறைத்தார்கள். அமெரிக்க விளையாட்டுக் கம்பெனிகளில் பெரும்பாலானவை சீனாவில் அச்சடிப்பவை. அந்த நாலைந்து வாரத்தில், கப்பலேற வேண்டிய பெட்டிகளுக்குச் சுங்கம் கட்டுவதா, சரக்கைத் துறைமுகத்திலேயே விட்டுவைப்பதா என்று அங்கே சிறு பிரசுரக்காரர்கள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். ஆட்களை வீட்டுக்கு அனுப்பியவர்களும் உண்டு. வாங்க வேண்டிய பணத்தை எப்போதோ வாங்கியாகிவிட்டது. அதில் பாதி செலவும் ஆகிவிட்டது.

“நம்மது சிவகாசிதானே மாமா” என்றான் மருமான்.

டான் கேயின் கதையைச் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. பணம் தருகிறேன், ஆனால் உங்கள் இருவரில் ஒருவர் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபிறகு தருகிறேன் என்றேன். அவன் பேசாமல் எழுந்து போய்விட்டான். என் தங்கைதான் பேசினாள். “ஏன் அண்ணா, நல்ல காரியம் ஆரம்பிக்கப் போறான். உன் வாயில வேற வார்த்தையே வரலையா?” என்றாள். கண் கலங்கியிருந்தது. நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்த அன்று யாராவது உயில் என்று சொன்னால் எப்படியோ, அப்படி ஆகிவிட்டது எனக்கு. ஒரு வாரம் அந்த வீட்டில் எனக்குக் காப்பி சரியான சூட்டில் வரவில்லை.

ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வக்கீல் நண்பர் ஒருவரைக் கேட்டேன். நம் தேசத்து 1932 ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிராவிட்டால், பங்குதாரர் ஒருவர் இறந்த உடனே கம்பெனி கலைந்துபோகும் என்றார். இரண்டே பேர் இருக்கிற கம்பெனி எப்படியும் கலையும். மிஞ்சுகிறவன் இறந்தவன் வீட்டாருக்கு எந்தக் கணக்குப்படி, எத்தனை நாளில் பணம் கொடுத்து விளையாட்டின் உரிமையைத் தான் எடுத்துக்கொள்ளலாம் என்பதையாவது எழுதிவைக்கச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். எழுதியவனுக்குச் சாவைப் பற்றிப் பேசக் கூச்சம் இல்லை. சட்டப்புத்தகத்தைப் படிக்கும்போது எனக்கு ஒருவித ஆறுதல் ஏற்படுவது வழக்கம். அதில் எல்லோரும் ஏற்கனவே செத்தும், ஏமாற்றியும், பைத்தியம் பிடித்தும் முடித்துவிட்டிருக்கிறார்கள். புதிதாக யாரும் நமக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்று தோன்றும்.

எனக்கு ஆதரவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அந்தச் சிநேகிதனின் தாயார் விருதுநகர்க்காரர். புருஷன் காலமானபோது பையனுக்கு ஒன்பது வயசு. புருஷனும் இன்னொருவரும் சேர்ந்து மளிகைக் கடை வைத்திருந்தார்கள். எழுத்து இல்லை, நம்பிக்கைதான். கடையில் தன் பங்கு என்ன என்று அந்த அம்மாளுக்குத் தெரிவதற்கு ஆறு வருஷமாயிற்று. தெரிந்தபோது கடை இல்லை. பையன்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றிக் குறை சொல்லிச் சிரித்ததைக் கேட்டுவிட்டு, “அந்த ஐயா சொல்றதை எழுதிட்டு வாங்க. அப்புறம் பெட்டி வாங்கப் போலாம்” என்று சொல்லிவிட்டாராம்.

ஒப்பந்த நகலைத் தமிழில் எழுதிக்கொண்டு போய் அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினோம். பதினாலு ஷரத்து. பதினொன்றாவதுதான் விஷயம்: இருவரில் ஒருவர் காலமானால், அன்றைய கணக்குப்படி அவர் பங்குக்குரிய தொகையை மற்றவர் ஆறு மாதத்துக்குள் வாரிசுக்குக் கொடுத்துவிட வேண்டும், விளையாட்டின் பெயரில் வாரிசுக்கு இத்தனை சதவிகிதம் ராயல்டி இத்தனை வருஷத்துக்கு உண்டு, இத்யாதி. வக்கீல் நண்பர் நன்றாகவே எழுதியிருந்தார். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடியும் தாமே படித்தார். சரியாகத்தான் இருக்கிறது என்று தலையை ஆட்டினார். பிறகு கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். மூன்று நாளைக்கு முன்னால் சிவகாசியிலிருந்து மாதிரிக்கு வந்த காலிப்பெட்டிகள் சோபாவுக்குப் பின்னால் கூரைவரைக்கும் நின்றன. அந்த வீட்டில்தான் சரக்கை அடுக்குவது என்று ஏற்பாடு.

“பணம் சரி. இந்தச் சாமானை யார் வந்து எடுத்துக்கிட்டுப் போறது? அதை எழுதலையே” என்றார்.

வக்கீலுக்குப் போன் செய்தோம். பதினொன்றாவது ஷரத்தில், பதினைந்து நாளுக்குள், எடுத்துச் செல்பவர் செலவில், என்று ஒரு வரி சேர்ந்தது. அம்மாள் பதினைந்தை அடிக்கச் சொல்லி முப்பது என்று போடச் சொன்னார். பதினைந்து நாள் காரியத்துக்கே சரியாகப் போய்விடும் என்றார். முப்பது என்று போட்டோம்.